லூயி ஆம்ஸ்ட்ராங்கின் உதட்டில் 932 அதிர்வுகள்

1931 அக்டோபர். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், டிரிஸ்கில் ஹோட்டலில் ஒரு நடன நிகழ்ச்சி. பதினாறு வயதுப் பையன் ஒருவன் உள்ளே போகிறான். பெயர் சார்லஸ் பிளாக். வெள்ளையின வீட்டுப் பிள்ளை. வாசிக்கப்போவது யார் என்றெல்லாம் அவனுக்கு அக்கறை இல்லை. பெண்கள் வருவார்கள், ஆடலாம் என்று வந்தவன். மேடையில் முப்பது வயது ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கண்ணை மூடிக்கொண்டு டிரம்பெட்டைத் தூக்கினார். பையன் ஆட மறந்து அப்படியே நின்றுவிட்டான்.

கறுப்பினத்தவரை வேலைக்காரர்களாக மட்டுமே பார்த்து வளர்ந்த அவன், ஒரு மேதையைக் கண்ணெதிரே கண்டது அன்றுதான் முதல் தடவை. பின்னாளில் அவர் சட்டப் பேராசிரியர் ஆனார். அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் உழைத்த வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர். அந்தப் பாதை தொடங்கியது அந்த ஹோட்டல் கூடத்தில்தான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஆம்ஸ்ட்ராங்கை நேரில் கேட்டவர்கள் விட்டுச்சென்ற நினைவுகளில் பெரும்பாலும் இப்படி ஒரு தருணம் வரும். நான் அவரை இசைத்தட்டுப் பதிவுகளில் மட்டுமே கேட்டவன். அவையே உலுக்கிவிடுகின்றன. அப்படியானால் அந்தக் கூடத்தில் காற்றில் என்னதான் நடந்திருக்கும்? இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதற்கு இயற்பியலிலும் உடலியலிலும் நல்ல பதில்கள் இருக்கின்றன.

உதட்டிலிருந்து தொடங்கலாம். சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டி விளையாடும்போது உதட்டை மூடிக்கொண்டு 'புர்ர்ர்' என்று ஊதுவார்கள் இல்லையா, டிரம்பெட்டின் ஒலி பிறப்பது அப்படித்தான். நாகஸ்வரத்தில் சீவாளி செய்யும் வேலையை டிரம்பெட்டில் வாசிப்பவரின் உதடே செய்கிறது. மூடிய உதட்டைக் காற்று பிளக்கும், உதடு மறுபடி மூடும், காற்று மறுபடி பிளக்கும். அந்த அடைப்பும் திறப்பும் நொடிக்கு எத்தனை முறையோ அதுதான் சுரத்தின் அதிர்வெண்.

ஆனால் வெறும் 'புர்ர்' இசை ஆகாது. மீதி வேலை குழாயுடையது. சாதாரண டிரம்பெட்டின் குழாயைச் சுருள் பிரித்து நீட்டினால் சுமார் 1.4 மீட்டர் வரும். உதட்டிலிருந்து கிளம்பும் அழுத்த அலை குழாய் முழுக்க ஓடி, விரிந்த வாய்ப்பகுதியை அடைகிறது. அங்கே பெரும்பகுதி வெளியே போகாமல் திரும்பி வருகிறது. திரும்பி வந்த அலை சரியான நேரத்தில் உதட்டைத் தட்டினால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்ட மாதிரி அதிர்வு நிலைத்துவிடும். எல்லா அதிர்வெண்ணிலும் இப்படி நடக்காது. வால்வு எனப்படும் பொத்தான்கள் எதையும் அழுத்தாதபோது 233, 350, 466, 583, 699, 816, 932 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) என்று சில படிகளில் மட்டும்தான் குழாய் ஒத்துழைக்கும். படிகளுக்கு நடுவே உள்ள சுரங்களைத் தருவதற்குத்தான் மூன்று வால்வுகள். அவை குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நீளமாக்கும். எந்தப் படியில் நிற்பது என்பதை உதடுதான் முடிவு செய்யும். ஒருமுறை நண்பர் ஒருவரின் டிரம்பெட்டை வாங்கி வால்வைத் தொடாமல் ஊதிப் பார்த்தேன். உதட்டை லேசாக இறுக்கியதும் சுரம் வழுக்கிக்கொண்டு போகவில்லை, அடுத்த படிக்குத் தாவியது. அந்தத் தாவலை என் உதட்டிலேயே உணர முடிந்தது.

படிகளுக்கிடையே எண்ணிக்கையில் ஒரே இடைவெளிதான், ஏறக்குறைய 116 ஹெர்ட்ஸ். ஆனால் நம் காது கழித்தல் கணக்குப் போடாது, விகிதம்தான் பார்க்கும். 233-க்கும் 350-க்கும் நடுவே அகலமான இடம்; 816-க்கும் 932-க்கும் நடுவே ஒரு முழுச் சுரத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மேலே போகப் போக ஏணியின் படிகள் நெருங்கிவிடுகின்றன. உதடு ஒரு மயிரிழை தவறினாலும் பக்கத்துப் படியில் விழவேண்டியதுதான்.

அந்த 932 ஹெர்ட்ஸைத்தான் டிரம்பெட்காரர்கள் 'ஹை சி' என்பார்கள். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கீழே 233-ல் வாசிக்கும்போது அதோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் மடங்குகளான மேற்சுரங்கள் 466, 699, 932 ஆகியவற்றுக்கும் குழாயில் படிகள் இருக்கின்றன. நாலைந்து பேர் சேர்ந்து ஊஞ்சல் ஆட்டுவது போல எல்லாப் படிகளும் சேர்ந்து உதட்டைத் தாங்குகின்றன. அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் பெனேட் இந்தக் கூட்டு ஒத்துழைப்பை அருமையாக விளக்கினார். ஹை சி-யிலோ, அடுத்த மேற்சுரமே 1,864 ஹெர்ட்ஸ். சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேல் டிரம்பெட்டின் விரிந்த வாய் அலையைத் திருப்பி அனுப்புவதில்லை, வெளியே விட்டுவிடுகிறது. ஆக அந்த உயரத்தில் வாசிப்பவருக்குக் குழாயின் துணை மிகக் குறைவு. உதடும் மூச்சும்தான் கிட்டத்தட்ட எல்லாச் சுமையையும் தாங்கவேண்டும்.

ஆம்ஸ்ட்ராங் 1930-களின் தொடக்கத்தில் மேடையில் செய்தது என்ன தெரியுமா? ஹை சி-யை ஒன்றன்பின் ஒன்றாக நூறு முறை, சில இரவுகளில் அதற்கும் மேலே அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 1,245 ஹெர்ட்ஸில் இருக்கும் 'ஹை எஃப்'-க்குத் தாவி முடிப்பார். 1932-ல் லண்டனின் பல்லேடியம் அரங்கில் அவர் வாசித்தபோது, கருவிக்குள் ஏதோ தந்திரம் இருக்கவேண்டும் என்று உள்ளூர்க் கலைஞர்கள் டிரம்பெட்டையே வாங்கிச் சோதித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். இத்தனைக்கும் அது எல்லாரும் வாசிக்கும் மாதிரியான கருவிதான்.

இந்த உயரத்தில் பலமாக ஊதும்போது வாய்க்குள் அழுத்தம் நம் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணான 120-ஐத் தாண்டிவிடக்கூடும். அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுப்பது வாயைச் சுற்றியிருக்கும் வளையத் தசை. ஆம்ஸ்ட்ராங் மவுத்பீஸை, அதாவது உதடு பதியும் கிண்ணம் போன்ற முனையை, உதட்டில் மிகவும் அழுத்தி வாசித்தவர். விளிம்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைபடும், தசை சோர்ந்துபோகும், தோல் கிழியும். 1933-ல் லண்டன் மேடை ஒன்றில் அவர் உதடு பிளந்து சட்டையில் ரத்தம் வழிந்தது. அப்புறம் பாரிஸில் பல மாதம் ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தழும்பைப் பிற்காலப் புகைப்படங்களில், மேலுதட்டின் நடுவே ஒரு சின்ன வட்டமாக இப்போதும் பார்க்கலாம். ஊதுகருவிக்காரர்களின் அந்த வளையத் தசை அறுந்துபோகும் கோளாறுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் 'சாச்மோ சிண்ட்ரோம்'. சாச்மோ என்பது அவருடைய செல்லப் பெயர். அவர் கையில் எப்போதும் இருக்கும் வெள்ளைக் கைக்குட்டையைப் பார்க்கும்போதெல்லாம், அது வேர்வையை மட்டுமா துடைத்தது என்று எனக்குத் தோன்றும்.

சரி, உதட்டை விட்டுக் கூடத்துக்குப் போவோம்.

டிரம்பெட்டை உச்ச பலத்தில் ஊதினால் வெளிவரும் ஒலியின் திறன் சுமார் 0.3 வாட். படுக்கையறையில் போட்ட பழைய ஜீரோ வாட் குண்டு பல்புகூட இதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். இவ்வளவு சின்ன ஆற்றல் எப்படி ஒரு கூட்டத்தையே ஆணியடித்தது போல நிறுத்துகிறது?

முதல் காரணம் அலையின் வடிவம். மெல்ல ஊதும்போது குழாய்க்குள் ஓடும் அழுத்த அலை வளைந்து நெளிந்து மென்மையாக இருக்கும். பலமாக ஊதினால் கதை மாறுகிறது. அலையின் அழுத்தம் மிகுந்த பகுதியில் காற்று சற்றே சூடாக இருக்கும், முன்னோக்கியும் நகரும். அதனால் அலையின் மேடு பள்ளத்தைவிட வேகமாக ஓடுகிறது. கரையை நெருங்கும் கடலலை முன்பக்கம் செங்குத்தாக எழும்புமே, அதுபோல இந்த ஒலியலையின் முகமும் செங்குத்தாகிறது. டிராம்போன் என்ற இன்னொரு பித்தளை ஊதுகருவியில் இது முழு அதிர்ச்சி அலையாகவே மாறுகிறது என்று நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருந்த ஹிர்ஷ்பெர்க் குழுவினர் 1996-ல் அளந்து காட்டினார்கள். டிரம்பெட்டிலும் இதே வேலைதான் நடக்கிறது. முகம் செங்குத்தான அலையில் மேற்சுரங்கள் கொட்டிக்கிடக்கும். பித்தளைக் கருவிகளை உரக்க வாசிக்கும்போது வரும் அந்தக் கணீர், அந்தப் பளபளப்பு, அங்கிருந்துதான் வருகிறது. மெல்ல ஊதிய டிரம்பெட்டின் பதிவை எடுத்து ஒலியளவை எவ்வளவு கூட்டினாலும் இது கிடைக்காது. ஒலியின் குணமே வேறு.

இரண்டாவது காரணம் நம் காது. காதுத் துவாரத்தின் நீளத்தால், 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள்தான் நமக்கு மிகக் கூர்மையாகக் கேட்கும். ஹை சி-யின் இரண்டாவது, மூன்றாவது மேற்சுரங்கள் 2,796-ம் 3,728-ம். நேராகப் போய்க் காதின் கூர்மையான இடத்திலேயே தைக்கின்றன.

அந்தக் காலப் பதிவுகள் வெட்டியெறிந்தது அந்த இடத்தைத்தான். 1923-ல் இண்டியானாவின் ரிச்மண்டில், தன் குரு கிங் ஆலிவரின் குழுவோடு ஆம்ஸ்ட்ராங் முதன்முதலாகப் பதிவுசெய்தபோது மைக் கிடையாது. பெரிய கூம்பு ஒன்றின் முன்னால் எல்லாரும் நின்று வாசிக்க, கூம்பின் முனையில் இருக்கும் ஊசி நேரடியாக மெழுகில் கீறும். 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் பதியாது. ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்றவர்களை அமுக்கிவிட்டதால் அவரை அறையின் பின்பக்கம் தள்ளி நிறுத்தினார்களாம். 1925-க்குப் பிறகு மின் பதிவு வந்து நிலைமை தேறியது. 1928-ல் அவர் பதிவுசெய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு நொடி தனியாக வாசிப்பார். அதில் அந்தக் கணீர் ஓரளவு மிஞ்சியிருக்கிறது. நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துச் சொச்சம்தான். மேடையில் அவருக்கு அந்த வேலி இல்லை.

இன்னொன்று, திசை. கீழ்ச் சுரங்கள் டிரம்பெட்டிலிருந்து எல்லாப் பக்கமும் பரவும். உயர்ந்த மேற்சுரங்கள் டார்ச் வெளிச்சம் போல நேர் எதிரே ஒடுங்கிப் பாயும். மேடைக்கு எதிரே நின்றவர் கேட்டதும் பக்கவாட்டில் நின்றவர் கேட்டதும் ஒன்றல்ல. இதைத் தற்செயலாகக் கண்டுகொண்டவர் இன்னொரு ஜாம்பவான், டிஸ்ஸி கில்லெஸ்பி. 1953 ஜனவரி 6-ம் தேதி நியூயார்க்கில் அவர் மனைவியின் பிறந்தநாள் விருந்தில் யாரோ அவருடைய டிரம்பெட் மேல் விழுந்து, அதன் வாய் மேல்நோக்கி வளைந்துவிட்டது. வாசித்துப் பார்த்தார். தன் ஒலி தனக்கே நன்றாகக் கேட்டது. அதன்பின் 45 பாகை மேல்நோக்கிய டிரம்பெட்டையே செய்யச்சொல்லி வாசித்தார்.

காதுக்குள் போனபின் நடப்பதற்கு வருவோம். ஜாஸில் 'ஸ்விங்' என்று ஒரு சொல் உண்டு. தாளத்தின் மீது ஊஞ்சலாடும் அந்த உணர்வை விளக்கச்சொன்னால் கலைஞர்களே கைவிரிப்பார்கள். 2022-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆய்வாளர்கள் அதன் ஒரு பகுதியைப் பிடித்தார்கள். தனியாக வாசிப்பவர் முதன்மைத் தட்டுகளில் சுமார் 30 மில்லி நொடி தாமதமாகவும், இடைத் தட்டுகளில் சரியான நேரத்திலும் வரும்போது ஸ்விங் கூடுகிறது. கேட்பவருக்குத் தாமதம் என்று தெரியவே தெரியாது; உடம்புக்கு மட்டும் தெரியும். ஆம்ஸ்ட்ராங் தாளத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்துப் பிறகு விடும் அழகைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே ஸ்விங் பழகியது.

அப்புறம், காத்திருப்பு. 2011-ல் மொன்றியாலில் நடந்த ஆய்வில், ரசிகர்கள் தங்களுக்கு மயிர்க்கூச்செறியும் இசையைக் கேட்கும்போது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதைப் படம்பிடித்தார்கள். உச்சகட்டம் வந்த கணத்தில் மூளையின் ஒரு பகுதியில் சுரந்தது. அந்த உச்சகட்டம் வரப்போகிறது என்று காத்திருந்த நொடிகளிலேயே வேறொரு பகுதியிலும் சுரந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் நூறு ஹை சி-க்களை நினைத்துப் பாருங்கள். எழுபது, எண்பது, தொண்ணூறு... உதடு தாங்குமா, அடுத்த படிக்குத் தவறிவிடுமா என்று மூச்சைப் பிடித்து நிற்கும் கூட்டத்துக்கு ஒவ்வொரு சுரமும் ஒரு காத்திருப்பு. அவர் தவறிவிழ உண்மையான வாய்ப்பு இருந்தது என்பதை மேலே பார்த்தோம். அது இல்லாவிட்டால் அந்த ஹை எஃப் அவ்வளவு இனித்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கென்றே ஒரு இசை அரங்கம் இருக்கிறது. அங்கே ஒரு கூட்டத்துக்கு ஒரு பாடகர் நேரில் பாடினார். இன்னொரு கூட்டத்துக்கு அதே பாடல்களின் பதிவை ஒலிக்கவிட்டார்கள். நேரில் கேட்டவர்களின் தலை அதிகம் ஆடியது. அந்தப் பாடகரின் ரசிகர்கள் மற்றவர்களைவிட அதிகம் ஆடினார்கள், தாளத்தோடும் இன்னும் ஒட்டி ஆடினார்கள். 2019-ல் இது வெளியானது. முதல் நொடியிலிருந்து தலையாட்டும் ரசிகரைக் கச்சேரிகளில் பார்த்திருப்போம். அவர் உடம்பு அடுத்த தட்டு எங்கே விழும் என்று முன்கூட்டியே அறிந்துவைத்திருக்கிறது.

1971 மார்ச்சில், நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் இரண்டு வாரம் வாசிக்க ஆம்ஸ்ட்ராங் ஒப்புக்கொண்டிருந்தார். இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருந்தன. மேடையிலேயே உயிர் போகலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். அதைக் கேட்ட ஆம்ஸ்ட்ராங், கையில் டிரம்பெட் இருப்பதுபோல் ஒரு கணம் பாவனை செய்துவிட்டு, மக்கள் காத்திருக்கிறார்கள், போயாகவேண்டும் என்றாராம். போனார். இரண்டு வாரமும் வாசித்தார். அது முடிந்ததும் மருத்துவமனையில் சேர்ந்தார். ஜூலை 6-ம் தேதி குயின்ஸில் தன் வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது.