தைப்பூசத்தில் கணீர், ஐப்பசியில் மந்தம்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் என் தாய்மாமா வீட்டுச் சுவரில் ஒரு பழைய கித்தார் தொங்குகிறது. 1974இல் வாங்கியது. வயது ஏற ஏறத்தான் அதற்குக் குரல் திறந்தது என்பது மாமாவின் கட்சி. ஆனால் அவரே இன்னொன்றும் சொல்வார்: "தைப்பூசத்துக்கு வந்து வாசித்துப் பாரடா. ஐப்பசி மழையில் வந்து குறை சொல்லாதே."

வயதைவிட இந்த இரண்டாவது பேச்சில்தான் விஷயம் இருக்கிறது.

போன ஐப்பசியில் ஓர் இரும்பு அளவுகோலைக் கித்தாரின் மேற்பலகைக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். நடுவில் மட்டும் பலகையைத் தொட்டுக்கொண்டு, இரு ஓரங்களிலும் வெளிச்சம் தெரிய, அது ஊஞ்சல்போல ஆடியது. பலகை தொப்பை போட்டிருந்தது. கம்பிகளும் மேலேறியிருந்தன, பன்னிரண்டாம் பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) விரலை அழுத்துவதே பாடாக இருந்தது.

மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம்; கனம் 3 மில்லிமீட்டருக்குள்தான். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் அந்த மரம் தன் உலர் எடையில் சுமார் 9 விழுக்காடு நீரைத் தாங்கியிருக்கும். 80 விழுக்காட்டில் அது 16ஐ நெருங்கிவிடும். பினாங்கில் மழைக்காலத்தில் 80 என்பது சாதாரணம். நீரேறிய மரம் அகலவாக்கில் ஊதும். ஓரங்கள் ஒட்டப்பட்டிருப்பதால் வேறு வழியின்றி மேலே புடைக்கும். எடை கூடும், விறைப்பு குறையும். கம்பி தரும் அதிர்வில் பெரும்பங்கு ஓசையாகாமல் மரத்துக்குள்ளேயே வெப்பமாகக் கரைந்துவிடும். முதலில் சாவது உச்ச சுரங்களின் மினுமினுப்பு. வறண்ட தை மாதத்தில் அந்த நீரில் ஒரு பகுதி வெளியேறுகிறது, குரல் திரும்புகிறது.

அப்படியானால் வயதுக்கு வேலையே இல்லையா? உண்டு. மரத்தின் செல் சுவரில் செல்லுலோஸ், லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் என மூன்று பொருள்கள் இருக்கின்றன. இவற்றில் நீரை அதிகம் விரும்புவது ஹெமிசெல்லுலோஸ். பல பத்தாண்டுகளில் முதலில் சிதைவதும் அதுதான். அது குறையக் குறைய மரம் சற்றே இலேசாகிறது, ஆனால் செல்லுலோஸ் இழைகளின் விறைப்பு பெரிதாகக் குறைவதில்லை. இலேசான, விறைப்பான பலகை அதிர்வை வீணாக்காது. காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் ஆசையும் அதற்குக் குறைந்துபோகும். மரத்துக்கு மூப்பு என்பதில் பாதிக்கு மேல், தண்ணீரை மறப்பதுதான்.

இதை அவசரப்படுத்தவும் வழி கண்டுவிட்டார்கள். ஆக்சிஜன் குறைந்த அடுப்பில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பலகையை வாட்டினால் ஹெமிசெல்லுலோஸ் சில மணி நேரத்திலேயே சிதைகிறது. பலகை முறுகல் தோசை நிறத்துக்கு வருகிறது. யமஹா, மார்ட்டின் நிறுவனங்கள் மரத்தை மூப்பாக்க ஆளுக்கொரு முறை வைத்திருக்கின்றன.

வாசிக்க வாசிக்க மரம் பழகும் என்ற நம்பிக்கைதான் எனக்கு இடிக்கிறது. சிட்னியில் ஒரே மரங்களிலிருந்து இணையாகச் செய்த இரண்டு வயலின்களில் ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மற்றொன்றை ஒரு தொழில்முறைக் கலைஞர் வாசித்துவந்தார். 3 ஆண்டுகள் கழித்தும் இரண்டையும் ஒப்பிட்டு வாசித்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மாமாவிடம் சொன்னேன். "அது வயலின்" என்று முடித்துவிட்டார்.

பிறகு ஏன் அப்படித் தோன்றுகிறது? போன மாதத்துக் குரலைக் காது அப்படியே நினைவில் வைத்திருக்காது. வியர்வையில் துருவேறிய கம்பி மங்குவதையே 'குரல் கனிந்துவிட்டது' என்று சொல்கிறவர்களும் உண்டு. தவிர, அந்தக் காலத்து மோசமான கித்தார்கள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. நல்லவை மட்டுமே நம்மோடு மூப்படைந்திருக்கின்றன. அவற்றுக்கும் சுகமில்லை. ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேலான விசையோடு இரவு பகலாக இழுக்கின்றன; ஐம்பது ஆண்டில் கழுத்தே வளைந்துவிடலாம்.

கித்தார் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைக்கச் சொல்லும் அறிவுரை, குளிர்காலத்தில் காற்று வறண்டுபோகும் நாடுகளுக்கானது. இங்கே அது தலைகீழ். நான் மாமாவின் கித்தாரைப் பெட்டியில் வைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைப் போட்டு இரண்டு வாரம் மூடி வைத்தேன். பிறகு புதுக் கம்பி மாட்டி, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் மீட்டினேன். அடுப்படியிலிருந்து மாமாவின் குரல் வந்தது: "என்னடா, அதற்குள் தைப்பூசம் வந்துவிட்டதா?"