அந்த ஜந்து ஏன் திரும்பிப் போகிறது?

சுட்டாலும் சாகாத எதிரி. ஓடினால் உங்களைவிட வேகமாக வரும். கையில் சிக்கினால் அந்த நொடியே கதை முடிந்தது. இப்படி ஓர் எதிரியிடம் மாட்டிக்கொள்வதற்காகவே காசு கொடுத்து ஒரு கேமை வாங்கி, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனையும் மாட்டிக்கொண்டு உட்காருகிறார்கள் பலர். சர்வைவல் ஹாரர் என்ற இந்த வகையின் பெயரைப் பரப்பியது 1996இல் கேப்காம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’. தோட்டா எப்போதும் பற்றாது, ஆட்டத்தை சேவ் செய்வதற்குக்கூட, அங்கிருக்கும் தட்டச்சு இயந்திரத்துக்கு மை நாடா தேடி அலைய வேண்டும். அந்தப் பற்றாக்குறைதான் அதன் உத்தி. ஆனால் பயம் எப்படி அளந்து ஊற்றப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால், 2014 அக்டோபரில் வந்த ‘ஏலியன்: ஐசோலேஷன்’ போல இன்னொன்று இல்லை என்பேன்.

உருவாக்கியது இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி. அதுவரை ஆயிரக்கணக்கான வீரர்கள் மோதும் ‘டோட்டல் வார்’ போர் கேம்களுக்குப் பெயர் பெற்ற நிறுவனம் அது. இந்த முறை அவர்கள் முழு உழைப்பையும் கொட்டியது ஒரே ஒரு வேற்றுக்கிரக ஜந்துவின் மீது. 1979இல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘ஏலியன்’ படத்தின் தொடர்ச்சியாகக் கதை நகர்கிறது. அந்தப் படத்தின் நாயகி ரிப்ளி காணாமல் போய் 15 ஆண்டுகள் கழித்து, அவளைத் தேடி மகள் அமாண்டா ‘செவாஸ்டபோல்’ என்ற பாழடைந்த விண்வெளி நிலையத்துக்கு வருகிறாள். கதை இவ்வளவு தெரிந்தால் போதும்.

சரி, பயம் எங்கிருந்து வருகிறது? ஜந்துவின் பல்லிலிருந்தோ எச்சிலிலிருந்தோ இல்லை. அது இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாததிலிருந்து வருகிறது. 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரைக் கணினியில் ஓர் எளிய விளையாட்டை ஆடச் சொன்னார்கள். திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தவர்களின் பதற்றம் குறைவாகவே இருந்தது. வருமா வராதா என்பது சரிபாதியாக, 50 சதவீதமாக இருந்த நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தைத் தொட்டது. நிச்சயமான வலியைவிட நிச்சயமில்லாத வலி மூளையை அதிகம் வாட்டுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று ஓயாமல் கணித்துக்கொண்டிருப்பது மூளையின் வேலை. கணிக்க முடியாத இடத்தில் அது முழு விழிப்புக்குப் போய்விடுகிறது.

‘ஏலியன்: ஐசோலேஷன்’ நம்மை அந்த 50 சதவீதத்திலேயே நிறுத்திவைக்கப் பார்க்கிறது. அதைச் செய்யும் விதம் அருமையானது. உள்ளே இரண்டு நிரல்கள் ஓடுகின்றன. ஒன்று ஜந்துவின் மூளை. அதற்குக் கண்ணும் காதும் உண்டு. பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் தேடும். நீங்கள் ஒளிந்திருக்கும் இடம் அதற்குத் தெரியாது. இன்னொன்று, எல்லாவற்றையும் மேலே இருந்து கவனிக்கும் இயக்குநர் நிரல். அதற்கு நீங்கள் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் அதை ஜந்துவிடம் போட்டுக் கொடுக்காது. “அந்தப் பக்கமாகப் போய்ப் பார்” என்று ஒரு பகுதியை மட்டும் காட்டிவிடும். கண்டுபிடிப்பது ஜந்துவின் சாமர்த்தியம், தப்பிப்பது உங்கள் சாமர்த்தியம். அதனால்தான் மாட்டிக்கொள்ளும்போது கேம் ஏமாற்றிவிட்டது என்று தோன்றுவதில்லை. நாம்தான் சத்தம் போட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது.

இயக்குநர் நிரல் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. ஜந்து உங்கள் அருகிலேயே திரிகிறதா, கண்ணில் படுகிறதா என்பதையெல்லாம் வைத்து, உங்கள் மீதான அழுத்தத்தை ஓர் அளவுகோலில் ஏற்றிக்கொண்டே போகும். அளவு உச்சத்தைத் தொட்டால், ஜந்துவை அங்கிருந்து கிளம்பச் சொல்லிவிடும். அது கூரைக் குழாய்க்குள் ஏறி மறையும். விளையாடுபவருக்கு இது தெரியாது. நல்லவேளை, போய்விட்டது என்று மட்டும் நினைப்பார். போதாக்குறைக்கு, ஜந்துவின் நடத்தைகளில் சில ஆரம்பத்தில் பூட்டப்பட்டிருக்கும்; ஆட்டம் முன்னேற முன்னேறத்தான் திறக்கும். முதலில் தீப்பீய்ச்சியைக் கண்டு பின்வாங்கிய ஜந்து, பிறகு அவ்வளவு சுலபமாக ஓடாது. அது நம்மிடமிருந்து கற்றுக்கொள்கிறது என்று நமக்குத் தோன்றும்.

உங்கள் கையில் இருக்கும் அசைவு காட்டும் கருவியும் இந்த நிச்சயமின்மைக்குத்தான் உழைக்கிறது. அதை உயர்த்திப் பிடித்தால் அதன் திரை தெளிவாகும், எதிரே இருக்கும் நடைபாதை மங்கிவிடும். ஜந்து இருக்கும் திசையும் தூரமும் தெரியும். அது கூரைக்குள் இருக்கிறதா, தரையில் நிற்கிறதா என்று தெரியாது. போதாததற்கு, மிக அருகில் இருந்தால் கருவியின் ‘பீப்’ ஒலி ஜந்துவின் காதிலும் விழும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம் கருவியில் கினெக்ட் கேமராவின் மைக்கை இயக்கி வைத்தால், உங்கள் வீட்டில் நீங்கள் தும்முவதுகூட அதற்குக் கேட்கும்!

ஆட்டத்தை சேவ் செய்ய, சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசியில் அட்டையைச் செருகிவிட்டுச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். ஜந்து வந்து கொல்வதற்கு அந்த நொடிகள் போதும். கடைசி விளக்கு எரிந்ததும் கிடைக்கும் நிம்மதி மட்டும் ஏன் அத்தனை இனிப்பாக இருக்கிறது? பயத்தில் சுரந்த அட்ரினலின் ஆபத்து நீங்கியதும் சட்டென்று அடங்கிவிடாது, இதயம் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கும். மிச்சமிருக்கும் அந்தப் படபடப்பு அடுத்து வரும் உணர்ச்சியோடு சேர்ந்து அதைப் பெரிதாக்கிவிடும் என்று 1970களில் உளவியலாளர் டால்ஃப் ஸில்மான் விளக்கினார். ஜந்துவை அவ்வப்போது விலக்கி வைக்கும் நிரல் நமக்குப் பரிசளிப்பது அந்தப் பெரிதாகிப்போன நிம்மதியைத்தான்.

இதற்கும் ஓர் அளவு உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெய்லே நகரத்துப் பேய் வீடு ஒன்றுக்கு வந்த 110 பேருக்கு இதயத் துடிப்புமானியை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். 2020இல் வெளியான முடிவில், பயத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஒரு குன்றின் வடிவில் இருந்தது. பயம் கூடக் கூட மகிழ்ச்சியும் ஏறியது. ஓர் எல்லையைத் தாண்டியதும் இறங்கிவிட்டது. பயம் மிகக் குறைந்தால் சலிப்பு, மிகக் கூடினால் வேதனை.

இந்தக் கேமைக் குறை சொன்ன விமர்சகர்கள் பலரும் சொன்னது, நீளம் அதிகம் என்பது. என்னைக் கேட்டால் அவர்கள் சொன்னது நியாயம்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செத்தால், மூளை ஜந்துவின் போக்கைக் கணிக்கக் கற்றுவிடுகிறது. அப்புறம் அது பயங்கரம் இல்லை, இடைஞ்சல். இன்னொரு சிக்கல், குன்றின் உச்சி ஆளுக்கு ஆள் வேறு. வெளியான பிறகு இதில் இரண்டு நிலைகளைச் சேர்த்தார்கள். புதியவர்களுக்கான நிலையில் ஜந்துவின் மூர்க்கம் மட்டுப்படும். ‘நைட்மேர்’ நிலையில் அசைவு காட்டும் கருவியையே நம்ப முடியாது. முதல்முறை ஆடுபவர் கௌரவம் பார்க்காமல் எளிய நிலையில் தொடங்கலாம். அங்கே பயம் தீர்ந்துபோனால் கடினமான நிலை காத்திருக்கிறது. நேராக நைட்மேரில் இறங்கி முதல் மணி நேரத்திலேயே கேமை மூடி வைத்தவர், அந்த ஜந்து திரும்பிப் போகும் கணத்தை ஒருமுறைகூட ரசித்திருக்க மாட்டார்.