அந்தப் பத்து நிமிடங்கள்: முன்னாள் படைவீரர்களின் உயிரும் சுற்றியிருக்கும் சூழலும்

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர் என்று அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை கணக்கிட்டிருக்கிறது. நாளொன்றுக்குப் பதினேழு பேருக்கும் மேல். காரணம் என்னவென்று கேட்டால் போர்க்கள நினைவுகள், மனச்சோர்வு, மதுப்பழக்கம், தீராத உடல்வலி என்று மனிதருக்குள்ளேயே தேடுவது வழக்கம். அவையெல்லாம் உண்மைதான். ஆனால், ஒரே அளவு துயரத்தில் இருக்கும் இருவரில் ஒருவர் பிழைத்துக்கொள்வதும் மற்றவர் இறந்துபோவதும், அந்த வேளையில் அவர்களைச் சுற்றி என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்பதையும் பொறுத்தது.

ராக்கி மலைத்தொடரை ஒட்டிய மொன்டானா, வயோமிங், யூட்டா போன்ற மாநிலங்களில் தற்கொலை விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிடத் தொடர்ந்து உயர்ந்தே இருக்கிறது. இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று நிலத்தின் உயரம். மேலே செல்லச் செல்ல மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து செரோட்டோனினை உருவாக்கும் முதற்படியைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் தேவை. எனவே மனநிலையைச் சீராக்கும் செரோட்டோனின் மலைப்பகுதியில் குறையக்கூடும் என்கிறார்கள். ஆயினும், வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதும் துப்பாக்கி வைத்திருப்போர் மிகுந்திருப்பதும் அதே மாநிலங்களில்தான் என்பதால், உயரத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். இதை நிறுவப்பட்ட உண்மையாக எழுதுவது தவறு என்றே நான் கருதுகிறேன். வெப்பத்தின் பங்கு இதைவிடத் தெளிவானது, ஆனால் சிறியது: அமெரிக்காவில் மாதச் சராசரி வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடும்போது பொதுமக்களின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 0.7 விழுக்காடு கூடுவதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

தொலைவும் ஒரு சூழல்தான். மொன்டானாவின் கிழக்கெல்லையில் வாழும் ஒருவர் ஹெலினாவுக்கு (மாநிலத் தலைநகர்) அருகிலுள்ள நலத்துறையின் முதன்மை மருத்துவமனைக்குச் செல்ல, காரில் ஆறு மணி நேரத்துக்கும் மேலாகும். தனிமையும் அப்படித்தான். படையில் இருந்தபோது, பாசறையில் எழுப்புவதற்கும், உடன் உண்பதற்கும், முகம் வாடினால் கேட்பதற்கும் ஆள் இருந்தது. படையை விட்டு வந்த முதல் ஓராண்டில் ஆபத்து மிகுந்திருப்பதற்கு, அந்தச் சூழல் ஒரே நாளில் இல்லாமற்போவதும் ஒரு காரணம்.

இவை எல்லாவற்றையும்விட நெருக்கமானது வீட்டு அலமாரி. முன்னாள் படைவீரர்களின் தற்கொலைகளில் ஏறத்தாழ 73 விழுக்காடு துப்பாக்கியால் நேர்கிறது. மற்றவர்களிடையே அது பாதியை ஒட்டியே இருக்கிறது. முன்னாள் படைவீரர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் துப்பாக்கி உண்டு. அப்படி வைத்திருப்போரில் மூவரில் ஒருவர், குறைந்தது ஒன்றையாவது தோட்டா நிரப்பிப் பூட்டாமல் வைத்திருக்கிறார். இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 82 பேரிடம் கேட்டபோது, எண்ணம் எழுந்ததற்கும் முயற்சிக்கும் இடையில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்று ஏறத்தாழ பாதிப்பேர் கூறினர். உச்சத்தில் நிற்கும் அந்த வேதனை அலைபோல எழுந்து தணிவது. முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை.

“ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் தேடுவார்கள்” என்று பலர் சொல்கிறார்கள். பணியிலிருக்கும் இளம் வீரர்களிடையே இஸ்ரேல் ராணுவம் பெற்ற அனுபவம் அதை மறுக்கிறது. வார இறுதியில் வீட்டுக்குச் செல்லும்போது துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்று 2006இல் விதி வந்தபின், அங்கே தற்கொலை விகிதம் 40 விழுக்காடு குறைந்தது. வாரநாட்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குறைந்தது பெரும்பாலும் வார இறுதிகளில்தான். அவர்களுடைய மனநிலையை அந்த விதி மாற்றவில்லை, துப்பாக்கி இருக்கும் இடத்தைத்தான் மாற்றியது.

அமெரிக்க நலத்துறை இலவசமாகத் தரும் துப்பாக்கிப் பூட்டும் இந்த அறிவியலில் பிறந்ததே. உறையிட்ட ஒரு கம்பிவடம், முனையில் சிறு பூட்டு. வடத்தைத் துப்பாக்கியினுள் நுழைத்துப் பூட்டிவிட்டால் தோட்டாவை ஏற்ற முடியாது. சாவியை மனைவியிடமோ உடன் பணியாற்றிய நண்பரிடமோ கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள். சாவியைக் கேட்டு நண்பரை அழைக்கும்போது, மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேட்கிறது. அமெரிக்காவில் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான உதவியாளர் எந்நேரமும் பேசுவார். இதை வாசிப்பவர் எவருக்கேனும் இப்போது அப்படி ஒரு குரல் தேவைப்பட்டால், இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களை அழைக்கலாம்.