ஸ்கேனர் ஓடுகிறது, பில்டு நிற்கவில்லை

உங்கள் பைப்லைனில், அதாவது கோடைத் தானாகவே பில்டு செய்து சோதிக்கும் வரிசையில், ஓட்டைகளைத் தேடும் செக்யூரிட்டி ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலான டீம்கள் இருக்கிறது என்றுதான் சொல்கின்றன. சரி, அது கடைசியாக எப்போது ஒரு பில்டை நிறுத்தியது என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

என்னைப் பார்க்கச் சொன்ன ஒரு பைப்லைனில் டிரிவி என்ற ஸ்கேனர், கன்டெய்னர் இமேஜை (ஆப்பும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதியை) அலசி, கிரிட்டிக்கல் கிரிட்டிக்கல் என்று வரிவரியாகக் கொட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே ஜாப் வெற்றி, பச்சை டிக். யாரும் எதையும் உடைத்துவிடவில்லை, டிரிவியின் இயல்பே அதுதான்: எத்தனை ஓட்டை கண்டுபிடித்தாலும் எக்ஸிட் கோட் 0, அதாவது வெற்றி, என்றே முடிக்கும், எக்ஸிட் கோட் ஆப்ஷனில் 1 என்று நாமாகச் சொன்னால்தான் பில்டு சிவப்பாகும். கோடில் ஆபத்தான வடிவங்களைத் தேடும் செம்கிரெப்பை வெறும் ஸ்கேனாக ஓட்டினாலும் இதே கதை, எரர் என்ற ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். கோடில் சிக்கிய ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸ் மட்டும் நேர்மாறு, ஒரு பாஸ்வேர்டு கண்ணில் பட்டாலே 1 கொடுத்து நிறுத்திவிடும்.

இதையெல்லாம் சரியாக வைத்த பிறகும் நழுவ வழி உண்டு. ரிப்போர்ட் ஃபைலிலும் வேண்டும் லாகிலும் வேண்டும் என்று ஸ்கேன் கமாண்டின் வெளியீட்டை, இரண்டு இடத்திலும் எழுதும் டீ கமாண்டுக்குள் பைப் செய்கிறோம் அல்லவா, அப்போது ஷெல் பார்ப்பது கடைசிக் கமாண்டின் எக்ஸிட் கோடை மட்டும்தான், ஸ்கேனர் கத்தியது காற்றோடு போய்விடும். இதைத் தடுக்க, வரிசையில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் பைப்ஃபெயில் என்ற ஷெல் அமைப்பு வேண்டும். கிட்ஹப்பின் பைப்லைன் சேவையான ஆக்ஷன்ஸில் ஷெல் எது என்று எழுதாமல் விட்டால் பாஷ் பைப்ஃபெயில் இல்லாமல்தான் ஓடும், ஷெல் பாஷ் என்று வெளிப்படையாக எழுதினால் சேர்ந்தே வரும். கிட்லேபின் சொந்த சாஸ்ட் (கோடை ஓட்டாமலே அலசும் ஸ்கேன்) டெம்ப்ளேட்டில் ஜாப் தோற்றாலும் பைப்லைன் தொடரலாம் என்ற அனுமதி முன்கூட்டியே போட்டிருக்கும், அதையும் தேடிப் பாருங்கள்.

அதனால் பில்டை நிறுத்தும் இந்தத் தடுப்பை வைத்ததும் நான் செய்யும் முதல் வேலை, தனி பிராஞ்சில் வேண்டுமென்றே ஒரு குப்பையைப் போட்டு பில்டு சிவப்பாகிறதா என்று பார்ப்பது. இதிலும் ஒரு சின்ன வேடிக்கை இருக்கிறது: ஏடபிள்யூஎஸ் ஆவணங்களில் மாதிரிக்காகக் கொடுத்திருக்கும், எக்ஸாம்பிள் என்று முடியும் கீயைப் போட்டுச் சோதித்தால் கிட்லீக்ஸ் அதை மாதிரி என்று தெரிந்தே விட்டுவிடும். டூல் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கிட்லீக்ஸ் என்றதும் இன்னொன்று. பைப்லைன் பெரும்பாலும் ரெப்போவின் (கோட் களஞ்சியத்தின்) முழு வரலாற்றையும் இறக்காது, கிட்ஹப்பின் செக்அவுட் ஆக்ஷன் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் (பதிவான மாற்றத்தை) எடுக்கும். போன வருடம் யாரோ போட்டு அடுத்த கமிட்டிலேயே அழித்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வரலாற்றில் பத்திரமாக இருக்க, ஸ்கேன் ரிசல்ட் சுத்தம் என்று வரும். ஒருமுறையாவது முழு ஆழத்தில் இறக்கி ஓட்டுங்கள். அப்படிச் சிக்கினால் வரலாற்றைத் திருத்துவதற்கு முன்னால் அந்தப் பாஸ்வேர்டை ரத்து செய்யுங்கள், அதுதான் அவசரம். ரகசியத்தை மறைத்துக் காட்டும் ரிடாக்ட் ஆப்ஷனையும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பிடிபட்ட ரகசியம் பைப்லைன் லாகில் அச்சாகிவிடலாம்.

எல்லாவற்றையும் நம் ரன்னரிலேயே (பைப்லைன் ஓடும் நம் மெஷினிலேயே) ஓட்டுவது எதற்கு என்று கேட்பார்கள். கோட் வெளியே போகக்கூடாது என்பது ஒரு காரணம். ஆனால் லோக்கல் என்று சொல்லும் டூலும் அப்பப்போது வெளியே எட்டிப் பார்க்கும். செம்கிரெப்பில் கான்ஃபிக் ஆட்டோ என்று கொடுத்தால் விதிகளை நெட்டிலிருந்து எடுக்கும், பயன்பாட்டுத் தகவலை அனுப்பும் மெட்ரிக்ஸை அணைத்தால் அந்த மோட் ஓடவே ஓடாது. விதிகளை நம் ரெப்போவிலேயே ஒரு ஃபோல்டரில் வைத்து அதைக் காட்டிவிட்டால் தொல்லை விட்டது. டிரிவி ஒப்பிட்டுப் பார்க்கும் ஓட்டைகளின் டேட்டாபேஸை உள் ரெஜிஸ்ட்ரியில் நகலெடுத்து மிரர் செய்யலாம், செய்தால் தினமும் புதுப்பிக்க வேண்டும். லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் லாக்4ஷெல் ஓட்டை 2021 டிசம்பரில் வெளியே தெரிந்தது. நவம்பரில் இறக்கிய டேட்டாபேஸை வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்தவருக்கு லாக்4ஜே பத்தரைமாற்றுத் தங்கம்தான். கோடில் ஒரு வரி மாறாமலே நேற்றைய பச்சை இன்று சிவப்பாகலாம், எனவே கமிட் வந்தால் மட்டும் போதாது, மெயின் பிராஞ்சை இரவில் ஒருமுறை தானாக ஓடவிடுங்கள்.

இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை: ஸ்கேனரே பைப்லைனுக்குள் நாம் அழைத்து உட்கார வைக்கும் வெளியாள். 2021-இல் கோட்கவ் என்ற டெஸ்ட் கவரேஜ் சேவையின் பாஷ் அப்லோடர் ஸ்கிரிப்டை யாரோ மாற்றிவைத்து, அதை ஓட்டிய பைப்லைன்களின் என்விரான்மென்ட் வேரியபிள்களை (ரகசிய கீகள் இருக்கும் இடம்) ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை உருவிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாடிக்கையாளர் இறக்கிய ஃபைலின் செக்சம்மை (ஃபைல் மாறினால் தானும் மாறும் எண்ணை) ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் வெளியே வந்தது. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸின் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற கிட்ஹப் ஆக்ஷனில் வெர்ஷன் டேக்குகளையே கெட்ட கமிட்டுக்கு நகர்த்திவிட்டார்கள், ரகசியங்கள் பில்டு லாகில் கொட்டின. டேக் நகரும், முழு கமிட் ஹாஷ் நகராது. ஆகவே ஆக்ஷன் என்றால் ஹாஷால், பைனரி என்றால் செக்சம்மால் கட்டிப்போடுங்கள். ஸ்கேன் ஜாபுக்கு டெப்ளாய் கீ எதையும் கொடுக்காதீர்கள், அதற்கு கோடைப் படிக்கும் உரிமை போதும்.

இப்போது பெரிய தலைவலி. பழைய ரெப்போவில் முதல் நாள் ஸ்கேன் போட்டால் மலைபோல் வந்து குவியும். அத்தனைக்கும் பில்டை நிறுத்தினால் சாயந்தரத்துக்குள் யாராவது ஸ்டெப்பையே கமென்ட் செய்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பழையதை பேஸ்லைனாகக் குறித்து வைத்து, புதிதாக நுழைவதற்கு மட்டும் நிறுத்துங்கள். செம்கிரெப்பில் பேஸ்லைன் கமிட் என்று ஒரு ஆப்ஷனே இருக்கிறது, கிட்லீக்ஸில் பழைய ரிப்போர்ட்டையே பேஸ்லைனாகக் கொடுக்கலாம். டிரிவியில் ஹை, கிரிட்டிக்கல் இரண்டை மட்டும் எடுத்து, இன்னும் திருத்தமே வராதவற்றை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது கையாளும் அளவில் இருக்கும்.

ஃபால்ஸ் பாசிட்டிவ் (பொய் எச்சரிக்கை) வரத்தான் செய்யும். பைத்தான் கோடை அலசும் பாண்டிட்டுக்கு, இந்த வரியை விட்டுவிடு என்று சொல்லும் நோசெக் கமென்ட் போட்டு வாயடைப்பது சுலபம், அப்புறம் அது ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எந்த விதியின் எண், ஏன், யார் சொல்லி என்று அதே வரியில் எழுதாத நோசெக்கை ரிவ்யூவில் ஏற்காதீர்கள். டிரிவியின் இக்னோர் ஃபைலில் ஒவ்வொரு சிவிஇ எண்ணோடும் (பொதுவில் பதிவான ஓட்டையின் எண்) காலாவதித் தேதி எழுத முடியும், அந்த நாள் தாண்டினால் அது தானாகவே மறுபடி பில்டை நிறுத்தும். நான் பார்க்கும் டீம்களில் தேதி இல்லாத வரியை அந்த ஃபைலில் மெர்ஜ் செய்ய விடுவதில்லை.