வேலிச் செடி மேய்ச்சல் நிலத்துக்கு வந்த கதை

கிராமத்தில் காட்டாமணக்கை வேலிக்குத்தான் வைப்பார்கள். ஆடு மாடு வாய் வைக்காது, அதுதான் அதன் ஒரே பெருமை. 2003-இல் மத்தியத் திட்டக்குழு அதே செடியைத் தூக்கிப் பிடித்தது: விதையில் டீசல் எடுக்கலாம், விளைநிலம் வேண்டாம், தரிசே போதும் என்று. 2009-இல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலிலும் பெட்ரோலிலும் 20 சதவீதம் உயிரி எரிபொருள் கலக்க வேண்டும் என்று இலக்கே வைத்தது.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். நாற்பது வெள்ளாடு வைத்திருந்தவர். ஊரை ஒட்டிய நிலத்தை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து, கம்பி வேலி போட்டு, காட்டாமணக்கு நட்டிருந்தது.

"வக்கீலய்யா, ஆட்டைத் தடுக்க வைக்கிற செடியை ஆடு மேயுற இடத்துலயே நட்டா நாங்க எங்க போறது?"

ஊரின் ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று வருவாய்த் துறை எழுதி வைக்கும் அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்றிருந்தது. தரிசு என்றதும் பொட்டல் காடு என்று நினைத்துவிடுகிறோம். தீர்வையை, அதாவது நில வரியை, நிர்ணயித்தாயிற்று, யாருக்கும் பட்டா தரவில்லை, அவ்வளவுதான் அதற்குப் பொருள். அங்கே மேய்ச்சல் நடந்தது. சீமைக்கருவேல விறகு வெட்டினார்கள். மழை பெய்த வருஷம் கம்பு விதைத்தார்கள். பெரியவரும் ஓரமாக அரை ஏக்கர் உழுதுகொண்டிருந்தார். அரசு நிலத்தை அனுபவிப்பதற்கு வருவாய்த் துறை அபராதம் போட்டுத் தரும் சீட்டுதான் பி மெமோ. அதைக் கட்டிய ரசீதுகளில் மூன்றுதான் மிச்சம், மற்றதெல்லாம் கரையானுக்குப் போய்விட்டது.

பி மெமோ பட்டா ஆகாது. ஆனால் அனுபவத்தில் இருந்ததற்கு அது சாட்சி. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்திலேயே, 7-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்ட பிறகுதான் வெளியேற்ற முடியும். இவருக்கு நோட்டீஸே வரவில்லை. அதை வைத்து அரை ஏக்கருக்குத் தடை வாங்கினோம்.

மேய்ச்சலுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. 'மேய்க்கால் புறம்போக்கு', அதாவது மேய்ச்சலுக்கென்று ஒதுக்கிய அரசு நிலம், என்று பதிவாகியிருந்தால் பிடி கிடைத்திருக்கும். ஊர்ப் பொது நிலத்தைக் காக்க 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஜக்பால் சிங் தீர்ப்பும் இப்போது கையில் இருக்கிறது. அப்போது இரண்டும் இல்லை. தண்ணீர் விடாத செடி சரியாகக் காய்க்கவில்லை, கம்பெனி ஆட்கள் வருவதும் நின்றுபோனது. வேலி அப்படியே நின்றது. அதற்குள் பெரியவர் ஆடுகளைப் பாதிக்கு மேல் விற்றுவிட்டார்.

எரிபொருள் பயிர் என்று யாராவது உங்கள் ஊருக்கு வந்தால், முதலில் சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. ஆடு மேய்வதையும் விறகு எடுப்பதையும் கிராம சபைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். வாயால் சொன்னது கோர்ட்டில் நிற்காது. அப்புறம், பழைய ரசீதைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். அசலா என்று பார்க்கும்போது அதுவே தனித் தொல்லை.