அராவுதல்

"செயினுக்குச் சாணை பிடிக்க வேண்டும்." பண்ருட்டி மரவாடிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மரம் அறுக்கும் செயின்சாவின் சங்கிலி மழுங்கிவிட்டது என்று பொருள். ஆனால் மரத்தடியில் குந்தி அந்தப் பல்லைக் கூராக்குகிறவர் கையில் கல் இருப்பதில்லை; பென்சிலைவிட மெலிந்த உருண்டை அரம்தான் இருக்கும்.

சாணை, வடமொழி 'சாண' என்பதிலிருந்து வந்தது. கூர் தீட்டும் கல்லுக்குப் பெயர். அரத்தால் தேய்ப்பதற்குத் தமிழில் தனி வினையே இருக்கிறது: அராவுதல். அரமும் அராவும் ஒரே குடும்பம். மலையாளத்திலும் அரம்தான், கன்னடத்தில் அர. தச்சர்கள் 'அரம் போடுவது' என்பார்கள், அதுவும் நல்ல தமிழே. எழுதும்போது இடையின 'ர' போட வேண்டும். 'அறம் போட்டாயிற்று' என்று எனக்கே ஒருமுறை குறுஞ்செய்தி வந்தது!

சொல் பழையது. 'அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர்' என்கிறது குறள் (997). இன்னொரு குறள் (888) உட்பகை கொண்ட குடியை 'அரம்பொருத பொன்போலத் தேயும்' என்கிறது. அராவ அராவப் பொருள் குறையும் என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. சங்கிலியின் பல்லும் அப்படித்தான். பல்லின் மேல் ஒரு கோடு இருக்கும். அதுவரை தேய்ந்தால் சங்கிலியை மாற்ற வேண்டியதுதான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது சாய்ந்த பலா மரங்களின் நடுவில்தான் இந்த இயந்திரத்தை முதலில் அருகில் பார்த்தேன். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி, சொல்லை நம்பி, சங்கிலியைக் கத்திக்குச் சாணை பிடிப்பவரிடமே கொடுத்தேன். பற்களின் நுனி நீலம் பாய்ந்து திரும்பி வந்தது. சூடேறி இரும்பின் பதம் போய்விட்டது. அரம் அவ்வளவு சூடேற்றாது. பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மட்டும் தள்ள வேண்டும். திரும்பும்போது பல்லில் படக்கூடாது. ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். இருபக்கப் பற்களும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் அறுப்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு முகடு பல்லின் நுனியைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்குப் பட்டை அரம்.

மரத்தைக் குறுக்கே துண்டு போடும் சங்கிலிக்குப் பல்லின் சாய்வு 30 பாகை அளவில் இருக்கும். நெடுக அறுத்துப் பலகை எடுக்க அதைப் 10 பாகைக்குக் குறைப்பார்கள். அறுப்பு மெதுவாகும், பலகையின் முகம் வழவழப்பாக வரும். நெடுக அறுக்கும்போது தூள் நைசாகவே விழும். அதை மட்டும் பார்த்து மழுங்கிவிட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது. அழுத்தித் தள்ளினால்தான் நகர்கிறது, புகை கிளம்புகிறது என்றால் அரத்தை எடுக்கலாம்.

குறுக்கறுப்புக்கும் நெடுக்கறுப்புக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல் இருக்கிறதே என்று ஏங்க வேண்டாம். வாளால் பிளந்து அறுப்பதை 'ஈர்தல்' என்றார்கள். மரம் அறுக்கும் வாளுக்கு 'ஈர்வாள்' என்றே பெயர். செயின்சாவைச் சங்கிலி வாள் எனலாம். பலகை எடுக்கப் 10 பாகையில் அராவிய சங்கிலியை 'ஈர்சங்கிலி' என்று நான் என் பெட்டியின் மேல் எழுதி வைத்திருக்கிறேன். உதவிக்கு வரும் பையன் இப்போது அதையே கேட்டு வாங்குகிறான்.