வலைப்பந்து அன்று, வலைச்சிமிழ்

போக்கிமான் என்ற ஜப்பானியக் கணினி விளையாட்டில் கற்பனை உயிர்களைப் பிடிக்க எறியும் நெட் பால் என்ற பொருளை ‘வலைப்பந்து’ என்று எழுதுகிறவர்களுக்கு வலையும் தெரியும், பந்தும் தெரியும். அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. இந்தக் கோடை விடுமுறையில் பாம்பனிலும் மண்டபத்திலும் பிள்ளைகள் கைபேசியோடு கூடிய இடத்திலெல்லாம் இந்தச் சொல்தான் காதில் விழுந்தது. போக்கிமான் விளையாட்டுகளுக்கு அதிகாரபூர்வமான தமிழ் வடிவம் கிடையாது. காணொளியில் விளக்கம் சொல்கிற யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். மறுநாள் அதுவே பெயராகிவிடுகிறது. பேச்சளவில் இருந்தவரை பொறுத்துக்கொண்டேன். எழுத்திலும் வரத் தொடங்கிவிட்டது.

முதலில் பொருள். போக்கிமான் உலகத்தில் காட்டு உயிர்களைப் பிடிப்பதற்குக் கையால் எறியும் கருவிக்குப் பொதுப்பெயர் போக்கே பால். ஜப்பானியர் அதை மான்ஸ்டர் பால் என்கிறார்கள். அதன் சிறப்பு வகைகளில் ஒன்று நெட் பால். 2002இல் ஜப்பானில் வெளியான ரூபி, சஃபையர் பதிப்புகளில் அறிமுகமானது. நீர் வகை, பூச்சி வகை உயிர்கள்மீது எறிந்தால் அதன் பிடிப்புத் திறன் 3 மடங்கு. 2016இல் வந்த சன், மூன் பதிப்புகளிலிருந்து 3.5 மடங்கு. பிற வகைகள்மீது எறிந்தால் சாதாரணக் கருவிக்கும் இதற்கும் வேறுபாடில்லை. சர்ஸ்கிட் என்று நீர்மேல் ஓடும் பூச்சி ஒன்று உண்டு. அது நீர், பூச்சி என்ற இரண்டு வகையிலும் சேரும். அதற்காக மடங்கு இரட்டிப்பாவதில்லை. மீனுக்கும் வலை, பூச்சிக்கும் வலை என்பதால் வந்த பெயர் இது, அவ்வளவுதான். (பியூக்குமுக்கு என்ற கடல் அட்டையையும் இதனால் எளிதாகப் பிடிக்கலாம். எங்கள் மன்னார் வளைகுடாவில் கடல் அட்டையைப் பிடித்தால் வனத்துறை நம்மைப் பிடிக்கும். 2001 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம்.)

முன்பாதியான ‘வலை’யில் எனக்குச் சண்டை இல்லை. மலையாளத்தில் வல, கன்னடத்தில் பலெ, தெலுங்கில் வல என்று குடும்பம் முழுவதும் புழங்கும் பழஞ்சொல் அது. ஆங்கிலத்தில் மீன் வலைக்கு ஒரு சொல், சிலந்தி வலைக்கு வேறு சொல். தமிழில் இரண்டும் வலைதான். பூச்சி வகையில் சிலந்திகளும் அடக்கம் என்பதால் நம் சொல் மூலத்தைவிடப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. இங்கே ‘மடி’ என்ற சொல்லும் இருக்கிறதே என்று கடலோடிகள் கேட்கக்கூடும். இழுவைமடி, இரட்டைமடி, சுருக்குமடி எல்லாம் பைபோல விழுங்குபவை; எறிந்ததும் விழுங்கும் இந்தக் கருவிக்கு அதுவல்லவா நெருக்கம்? நெருக்கம்தான். ஆனால் மடி வைத்து யாரும் தட்டான் பிடிப்பதில்லை. வலையே இருக்கட்டும்.

கோளாறு பின்பாதியில் இருக்கிறது. தமிழில் ஒரு சொல்லுக்குப் பின்னால் ‘பந்து’ வந்து ஒட்டினால் அது ஆட்டத்தின் பெயராகிவிடும். கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து, பூப்பந்து, எறிபந்து எல்லாமே அப்படி அமைந்தவைதான். இந்த வரிசையில் வலைப்பந்துக்கு ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த ஆட்டம் வலைப்பந்து. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் அதில் உலகறிந்த வீராங்கனை. 2018இல் இலங்கை அணி ஆசிய வாகையர் பட்டம் வென்றபோது ஈழத்து நாளேடுகள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதிய சொல் இதுதான். தலைமன்னாரிலும் உறவுக்காரர்களை வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் கடற்கரையில், அங்கே பல தலைமுறையாகப் புழங்கும் சொல்லை எடுத்துப் பூச்சி பிடிக்கும் கருவிக்குச் சூட்டினால் குழப்பம் வராதா? என் தங்கை மகன் ஒருநாள் வந்து, “மாமா, வலைப்பந்து ஒன்றுதான் பாக்கி இருக்கிறது, அதையும் எறிந்துவிடட்டுமா?” என்று கேட்டான். பக்கத்தில் இருந்த அவன் பாட்டி, “வெளியே போய் எறி, வீட்டுக்குள் வேண்டாம்” என்று அதட்டினார். பாட்டி சொன்னதில் பிழையே இல்லை. பந்து என்றால் அவர் வேறு எதை நினைப்பார்?

போதாக்குறைக்கு, வலை என்ற சொல்லை இணையக்காரர்கள் வேறு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வலைத்தளம், வலைப்பூ, வலைப்பதிவு, வலையொளி என்று வரிசை நீள்கிறது. இவற்றுக்கு நடுவே வலைப்பந்து என்று எழுதினால், இணையத்தில் ஆடும் பந்தாட்டம் என்றுதான் முதலில் தோன்றும். வலைக்குப் பின்னால் வரும் சொல் தெளிவாக இருந்தால் இந்த மயக்கம் தீரும்; பந்து அதைத் தீர்ப்பதில்லை, கூட்டுகிறது. இதே வழியில் போனால் மற்றப் பெயர்கள் என்ன ஆகின்றன என்றும் பாருங்கள். ஃபாஸ்ட் பால் ‘வேகப்பந்து’ ஆகிறது. கிரிக்கெட் வீச்சாளர் கண்முன் வந்து நிற்கிறார். குவிக் பால் என்று இன்னொன்று உண்டு. அதையும் அகராதியைப் பார்த்து வேகப்பந்து என்றே எழுதுகிறார்கள். ஒன்று ஓடித் தப்பக்கூடிய உயிர்களுக்கானது, மற்றது மோதல் தொடங்கிய உடனே எறிய வேண்டியது. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டு, தமிழில் சொல்வளம் போதவில்லை என்று அவர்களே குறைபட்டுக்கொள்கிறார்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். நெட் பாலுக்கு அது ‘நிகரப் பந்து’ என்று எழுதியதை நானே பார்த்தேன். நிகர லாபம், நிகர எடை என்கிற நிகரம்! கணக்குப்பிள்ளை எறிகிற பந்து போலும். அதையும் திருத்தாமல் ஒட்டி வெளியிட்டவர் மனிதர்தான் என்பதுதான் வருத்தம்.

ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன என்பார் ஒரு சாரார். ஜப்பானியரே ஆங்கிலச் சொற்களைத்தானே வைத்தார்கள் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி, விளைவு ‘நெட் பால்’. தமிழ்க் கண்ணுக்கு பால் என்றால் பசுவின் பால், இல்லையென்றால் ஆண்பால் பெண்பால். எறிகிற பால் கிடையாது. நான் தனித்தமிழ் வெறியன் அல்லன். பஸ்ஸும் டிக்கெட்டும் எனக்கு உறுத்துவதில்லை. படித்தவுடன் வேறொன்றாகப் புரிகிற கடன்சொல்தான் உறுத்துகிறது.

பந்துக்கு மாற்றாகச் சொல்லப்பட்டவற்றையும் பார்த்துவிடலாம். ‘வலைக்குண்டு’ என்றார் ஒருவர். எங்கள் ஊரில் வீச்சுவலையின் ஓரத்தில் கோக்கிற ஈயக்குண்டுதான் குண்டு. கடலில் வெடிவைத்து மீன் பிடிக்கும் திருட்டு வேலையும் நினைவுக்கு வரும். ‘வலைக்கூண்டு’ என்றார் இன்னொருவர். மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மிதவைக் கூண்டுகளில் கடல் விரால் வளர்த்துக் காட்டிய பிறகு, இந்தக் கரையில் வலைக்கூண்டு என்பது உண்மையாகவே மீன் வளர்க்கும் கூண்டுதான். ‘கூடு’ கீழக்கரைக்காரர்கள் பாறை இடுக்குகளில் இறக்கிவைக்கும் பொறி. இறக்கிவிட்டு நாள் கழித்துப் போய்த் தூக்க வேண்டும், எறிய முடியாது. ‘கோளம்’ என்பது பூகோளப் பாடத்து அளவுக்குப் பெரிது, சட்டைப்பையில் அடங்காது.

என் பரிந்துரை சிமிழ். குங்குமச் சிமிழ் பார்க்காத வீடு இல்லை. சிறியது, உருண்டையானது, மேல்பாதி கீழ்பாதி என்று இரண்டாகத் திறப்பது, மூடினால் உள்ளே இருப்பது உள்ளேயே இருப்பது. போக்கே பாலுக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்? இந்த விளையாட்டின் முதல் திட்டத்துக்கே ‘கேப்சூல் மான்ஸ்டர்ஸ்’ என்றுதான் பெயர். காசு போட்டால் பொம்மை அடைத்த உருண்டையைத் தள்ளும் ஜப்பானிய இயந்திரங்கள் அதற்குத் தூண்டுதல். ஆகவே, மூடியுள்ள சிறு கலம் என்ற கருத்து நான் வலிந்து ஏற்றியது அல்ல.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. திருக்குறள் 274இல் போலித் துறவியைப் பற்றிச் சொல்லும்போது, ‘புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று’ என்கிறார் வள்ளுவர். புதரில் மறைந்து வேடன் பறவையைப் பிடிப்பது போல என்பது பொருள். சிமிழ்த்தல் என்றால் அகப்படுத்துதல். புல்வெளியில் மறைந்திருந்து சிறு உயிர்களைப் பிடிப்பதுதானே இந்த விளையாட்டு முழுவதும்? அடைக்கும் கலமும் சிமிழ், அகப்படுத்தும் செயலும் சிமிழ்த்தல். பந்து எத்தனை முறை துள்ளினாலும் இந்த இடத்துக்கு வராது.

சிமிழ் பிள்ளைகளுக்குப் புரியாது என்று மறுப்பார்கள். கியாரடோஸ், மாஜிகார்ப் என்று நூற்றுக்கணக்கான பெயர்களை வகையோடும் வளர்ச்சி நிலையோடும் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு மூன்றெழுத்துத் தமிழ்ச்சொல் புரியாதா? ழகரம் வாயில் நுழையாது என்பவர்களுக்கு, தமிழ் என்று சொல்ல முடிந்தால் சிமிழ் என்றும் சொல்லலாம் என்பதே பதில்.

ஃபாஸ்ட் பாலுக்கு வேகச்சிமிழ், மூன் பாலுக்கு நிலாச்சிமிழ் என்று வரிசையாக அமைத்துக்கொள்ளலாம். நீருக்கடியில் உதவும் டைவ் பாலை ‘முக்குளிச்சிமிழ்’ என்றால், சங்குகுளிப்பவர்கள் இருக்கும் கீழக்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லூர் பாலை ‘கவர்ச்சிப்பந்து’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். திரைப்பட விளம்பரம் போல இருக்கிறது. தூண்டிலில் சிக்கிய உயிரைப் பிடிக்கத்தான் அது சிறப்பாக உதவும் என்பது விளையாட்டின் விதி. எனவே அது தூண்டிற்சிமிழ்.